நாற்பத்து மூன்று படிவங்கள்

குணமானி வந்த பிறகு திருப்பூர்ப் பக்கம் வேலைக்கு ஆள் எடுப்பதும் ஆளை அனுப்புவதும் மிகவும் சுலபமாகிவிட்டன. சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு கருவி. அதைத் தோளில் குத்திக்கொண்டு மூன்று நாள் வழக்கம்போல வேலை பார்த்தால் போதும். பேசும் குரல், நாடித்துடிப்பு, கை போகும் வேகம், கூப்பிட்டால் எத்தனை நொடியில் திரும்பிப் பார்க்கிறார், எத்தனை தடவை இடத்தைவிட்டு எழுந்திருக்கிறார் என்று எல்லாவற்றையும் அது கவனித்துக்கொண்டே இருக்கும். நான்காம் நாள் காலை நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் வரும். அறுபதுக்கு மேல் வந்தால் உள்ளே இருக்கலாம். கீழே வந்தால் மாதக் கடைசியில் கிளம்பிவிட வேண்டியதுதான். இருபது வருடம் சேர்ந்து குப்பைகொட்டினாலும் பிடிபடாத மனித மனம் மூன்றே நாளில் பிடிபடுகிறது என்றால் எந்த முதலாளிக்குத்தான் ஆசை வராது?

அந்த எண்ணுக்கு நிலைக்குணம் என்று பெயர். பெயர் வைத்தவர் பேராசிரியர் சுகந்தி. கோயம்புத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் உளவியல் துறைத் தலைவர், வயது ஐம்பத்தொன்று. கருவியைச் செய்து விற்றது ஒரு தனியார் நிறுவனம். ஆனால் வேலையில் நிலைத்து நிற்கிற ஆள் எப்படி இருப்பார் என்று கருவிக்குள் ஒரு மாதிரி வைத்திருந்தார்களே, அது இருபத்தாறு வருடங்களுக்கு முன் சுகந்தி முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஆய்விலிருந்து எடுத்தது. அந்த மாதிரியோடு யார் எவ்வளவு ஒத்துப்போகிறார் என்பதைத்தான் குணமானி மார்க்காகப் போட்டது.

இப்போது அதை மாநிலம் முழுக்க எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் கட்டாயமாக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை தொழிலாளர் வாரியத்தில் ஒரு விசாரணை. சுகந்தி வந்து இந்த அளவுகோல் சரியானது என்று சொல்லி ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போடச் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவது சுகந்திக்குப் புதிது கிடையாது. வழிகாட்டிப் பேராசிரியர் காட்டிய இடத்தில் போட்டிருக்கிறார், துணைவேந்தர்கள் காட்டிய இடங்களில் போட்டிருக்கிறார். திருமணப் பதிவு அலுவலகத்திலும் என்ன ஏது என்று படிக்காமல்தான் போட்டார் என்று அவருடைய கணவர் இன்றைக்கும் கேலி செய்வார்.

வாரியத்திலிருந்து ஒரு கட்டு காகிதம் வந்திருந்தது. குணமானியால் வேலை போகிறவர்களின் முறையீடுகள், மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. வேறு யாராக இருந்தாலும் மேலே நான்கைப் புரட்டிவிட்டு மூடியிருப்பார்கள். சுகந்தி ஒன்றுவிடாமல் படித்தார். பாதியைத் தாண்டிய பிறகு ஒரு முறையீட்டில் அவர் கை நின்றது. பெயர் சாந்தாமணி, வயது ஐம்பத்து மூன்று, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். ஒரே கம்பெனியில் இருபத்தெட்டு வருடம். வருடத்துக்கு நான்கு நாளுக்கு மேல் விடுப்பு எடுத்ததில்லை, ஒரு புகார் இல்லை. மார்க் முப்பத்தொன்று.

வேலையில் நிலைத்து நின்ற ஆளுக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே தேடுவது? சுகந்தி கருவி நிறுவனத்தின் நிரஞ்சனைப் போனில் கூப்பிட்டார். நிரஞ்சனுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். மரியாதை தெரிந்த பிள்ளை, பண்டிகைக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புவான்.

"மேடம், நூறு பேர்ல ரெண்டு பேர் இப்படி வரத்தான் செய்வாங்க. அதுக்குப் போய் நீங்க ஏன் மண்டைய உடைச்சுக்கிறீங்க?" என்றான்.

"நூறுல ரெண்டுன்னா மாநிலத்துக்கு எத்தனை பேர்ப்பா?"

"அது... நிறையத்தான் வரும் மேடம்."

சுகந்தி திங்கட்கிழமை காலை திருப்பூருக்குக் கிளம்பினார். கருவி எங்கேயோ தப்பாகக் கேட்டிருக்கிறது, போய்ப் பார்த்து ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தால் சரி செய்துவிடுவார்கள் என்பதுதான் அவருடைய எண்ணம்.

கம்பெனி, சுகந்தி படிக்கிற காலத்தில் ஒரு தடவை வந்துபோன அதே பழைய கட்டடம்தான், மேலே ஒரு மாடி ஏற்றியிருந்தார்கள். வெட்டுவதையும் அடுக்குவதையும் இயந்திரக் கைகள் பார்த்துக்கொண்டன. தைப்பதற்கு மட்டும் இன்னும் மனிதக் கை வேண்டியிருந்தது, இழுத்தால் நீளுகிற துணி இயந்திரத்துக்கு அடங்கவில்லை. முப்பத்தெட்டுப் பெண்கள் ஒரு லைனில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு பித்தான் பச்சையாக மினுக்கியது. சூப்பர்வைசர் கோபிநாத் சாந்தாமணியின் பதிவைத் திறந்து காட்டினார்.

"பாருங்க மேடம். மூணு நாள்ல நாப்பத்தோரு தடவ எடத்தவுட்டு எந்திரிச்சிருக்காங்க. அடுத்தவங்க மிஷின்ல கை வச்சது இருவத்தாறு தடவ. நாங் கூப்புட்டா 'இருங்க வர்றேன்'னு பதினேழு தடவ சொல்லீருக்காங்க. இதுல மார்க்கு எங்கிருந்துங்க வரும்?"

"ஆள் எப்படிங்க?"

"ஆளா? தங்கமான ஆளுங்க. இந்த லைனு ஓடறதே அவங்களாலதான்."

"அப்புறம் எப்படி முப்பத்தொண்ணு?"

கோபிநாத் தலையைச் சொறிந்தார். "அது நீங்கதானுங்களே மேடம் சொல்லோணும்?"

சுகந்தி சுவரோரம் நின்று பார்த்தார். சாந்தாமணி ஒல்லியான உடம்பு, நரைத்த தலை, வாயில் எப்போதும் ஒரு பேச்சு. இரண்டு மிஷின் தள்ளி இருந்தவளுக்கு ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் நூல் அறுந்துவிட்டது. அவளுக்குக் கண் மங்கல் போலிருக்கிறது, ஊசியைத் தேடிக்கொண்டிருந்தாள். சாந்தாமணி எழுந்து போய் நூலைக் கோத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு நிறைமாதக்காரி எழுந்து வெளியே போனாள். அவள் திரும்பி வருகிறவரை சாந்தாமணி அவளுடைய மிஷினில் உட்கார்ந்து நாலு பீஸ் தைத்தார். ஒவ்வொரு தடவை எழுந்தபோதும் தோளில் இருந்த பித்தான் ஒரு கணம் சிவந்து அடங்கியது. அவர் அதைச் சட்டை செய்யவே இல்லை.

தேநீர் வேளைக்குச் சற்று முன்னால் அலுவலகத்திலிருந்து படிவம் நிரப்பச் சொல்லி ஆணை வந்தது. சிலேட்டு என்று எல்லோரும் சொல்கிற மின்பலகையை ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். வேலை பிடித்திருக்கிறதா, மேலாளர் நன்றாக நடத்துகிறாரா என்று அறுபது கேள்வி. சிலேட்டை வாங்கிய பெண்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினார்கள். முப்பத்தெட்டு சிலேட்டும் சாந்தாமணியின் மிஷின் ஓரமாக அடுக்காக வந்து சேர்ந்தன. சாந்தாமணியின் பக்கத்தில் இருந்த துணிப் பண்டல் அதே வழியாகத் திரும்பிப் போய், ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிந்துவிட்டது. ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பல வருடப் பழக்கம் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

சுகந்திக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அருகில் போய் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, இதெல்லாம் யாரோட படிவம்?"

"எல்லாருதுமுங்க." சாந்தாமணியின் விரல் நிற்கவில்லை.

"அவங்கவங்க எழுதணும்னு போட்டிருக்கே?"

"அவங்கவங்க எழுதுனா அரை நாள் போயிருமுங்க, பீஸ் நின்னு போயிரும். எனக்குக் கை வேகமுங்க. நான் எழுதீருவேன், அவங்க எம்பட பண்டலத் தெச்சுருவாங்க. ரேசன் கார்டு, பிஎஃப்பு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாமே இந்த லைனுக்கு நாந்தானுங்க." சாந்தாமணிக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். "இதாச்சும் அறுவது கேள்வி. முந்தி ஒருக்கா காலேஜ்ல இருந்து ஒரு புள்ள வந்துச்சுங்க. ஆளுக்கு நூத்தி இருவது! நாப்பத்தி மூணு பேருக்கு எழுதுனேன். அன்னிக்குன்னு பாத்து ஷிப்மெண்ட் வேற. கையே கழண்டு போச்சு."

சுகந்தி சிலேட்டிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"நாற்பத்து மூணுமா?"

"நாப்பத்தி மூணுமுங்க. ஒரே கையா இருந்தா பாவம் அந்தப் புள்ள வாத்தியாருகிட்டத் திட்டு வாங்குமேன்னு ஆறு பேனா வாங்கி வச்சு மாத்தி மாத்தி டிக் அடிச்சேன். நடுவால கொஞ்சம் எடது கையில கூடப் போட்டேன்னா பாத்துக்கங்க."

"அந்தப் பிள்ளை நான்தாங்க" என்றார் சுகந்தி.

சாந்தாமணி சிலேட்டை வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அட சாமி! கண்ணாடி போட்டுட்டு, ஒல்லிக்குச்சியா... நீங்களாங்க அது? நல்லா இருக்கீங்களா? பாஸ் பண்ணீட்டீங்களா?"

பாஸ் பண்ணினேன் என்று சுகந்தி சொன்னார். மணி அடித்தது. அதற்கு மேல் அங்கே உட்கார அவரால் முடியவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பழைய நாள்தான் நினைவில் ஓடியது. காலையில் படிவங்களை மேனேஜரிடம் கொடுத்தார். மேனேஜர் அவரைத் தன் அறையில் உட்காரச் சொன்னார், சுகந்தி சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்கு நாற்பத்து மூன்றும் கட்டாக வந்தன. அலசிப் பார்த்தபோது நாற்பத்து மூன்றும் அச்சில் வார்த்தது போல ஒரே குணம். அமைதி, அடக்கம், சொன்னதைச் செய்வது, இருந்த இடத்தில் இருப்பது. மற்ற லைன்களில் பாதிப் பேர் ஒரே வருடத்தில் வேலையை விட்டுவிட்டுப் போக, இந்த லைனில் மூன்று வருடம் ஒருத்திகூட நகரவில்லை. இந்தக் குணம் இருந்தால் ஆள் நிலைப்பார் என்று சுகந்தி எழுதினார். வழிகாட்டிப் பேராசிரியர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். கட்டுரை எங்கெங்கோ போயிற்று, விருது வந்தது, பிறகு கருவியும் வந்தது.

அவர்கள் நிலைத்தது உண்மை. ஒருத்திக்கு முடியாதபோது இன்னொருத்தி செய்தாள், அதனால் நிலைத்தார்கள். அது எந்த ஒருத்தியின் குணத்திலும் இல்லை, மிஷினுக்கும் மிஷினுக்கும் நடுவில் இருந்தது. அதைத்தான் இன்றைக்குக் கருவி ஒவ்வொரு தடவையும் சிவந்து சிவந்து தப்பு என்று குறித்துக்கொண்டிருக்கிறது. இருபத்தாறு வருடம் வகுப்பெடுத்த வாய்க்கு இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூடத் தைரியம் வரவில்லை. சுகந்திக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் படுத்துவிட்டார்.

புதன்கிழமை நிரஞ்சனைத் தன் அறைக்கு வரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னார். அவன் பதறவில்லை.

"மேடம், அதுக்கப்புறம் பதினோரு லட்சம் பேரை அளந்திருக்கோம். உங்க நாற்பத்து மூணு இப்ப கடல்ல கரைச்ச பெருங்காயம்."

"அந்தப் பதினோரு லட்சத்துல நல்ல வேலையாள் யாருன்னு கருவிக்கு யார் சொன்னது?"

"உங்க ஆய்வுதான்."

"அதைத்தான் சொல்றேன்."

"ஆனா வேலை செய்யுதே மேடம். குணமானி வச்ச கம்பெனிகள்ல ஆளுங்க நிக்கிறாங்க, கணக்கு இருக்கு."

"நிக்கிறவங்களை மட்டும் உள்ள விட்டா நிக்கத்தான் செய்வாங்க. வெளிய போனவங்க என்ன ஆனாங்கன்னு யாராவது போய்ப் பார்த்தீங்களா?"

"சரி மேடம். நீங்க வெள்ளிக்கிழமை இதைச் சொல்லப் போறீங்கன்னு வச்சுக்குவோம்." அவன் குரலைத் தாழ்த்தினான். மிரட்டுகிற குரல் இல்லை, உண்மையாகவே கவலைப்படுகிற குரல். "அடுத்தவங்க பேர்ல படிவம் எழுதறது இப்ப பொய்ப்பதிவு. எத்தனை வருஷம் கழிச்சுத் தெரிஞ்சாலும் வேலை போகும், பணிக்கொடையும் போகும். எழுதினவங்களுக்கு மட்டுமில்ல, கையெழுத்துப் போட்டு எழுதக் கொடுத்தவங்களுக்கும். அந்த நாற்பத்து மூணு பேர்ல இன்னும் எத்தனை பேர் அங்க இருக்காங்க?"

"இருபத்தொன்பது."

"அந்தம்மாவுக்கு நல்லது பண்றேன்னு போயி இருபத்தொன்பது பேரையும் மாட்டிவிடப் போறீங்களா? வேற வழி இருக்கு. கருவிக்கு விதிவிலக்குன்னு ஒண்ணு உண்டு. அந்தம்மா பேரை நாளைக்கே அதுல போட்டுடறேன். அறுபது வயசு வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க. உங்க பேருக்கும் ஒரு கீறல் விழாது. நீங்க வெள்ளிக்கிழமை கையெழுத்து மட்டும் போடுங்க."

அவன் சொன்னதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. அதனால்தான் சுகந்திக்கு அது பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை விடும் நேரம் பார்த்து அவர் சாந்தாமணியைப் போனில் கூப்பிட்டார். இரண்டு வழியையும் மறைக்காமல் சொன்னார். மறுமுனையில் பஸ் ஸ்டாண்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கு மட்டுமுங்களா?" என்றார் சாந்தாமணி.

"உங்களுக்கு மட்டும்தான் தர்றாங்க."

"எங்க லைன்ல இன்னும் ஏழு பேருக்கு மார்க்குக் கம்மிங்க. அந்த மாசமா இருக்கற புள்ள ஒண்ணு. நாலு தடவ வெளிய போயிட்டு வந்தாள்னு அவளுக்கு நாப்பது. அவங்களுக்கு?"

"இல்லைங்க."

"அப்பறம் நான் எந்த மூஞ்சிய வச்சுட்டு அங்க உக்காந்து தெக்கறது? உம்மையச் சொன்னா எல்லாருக்கும் வேலை போகும்ங்கறீங்க. அப்ப சொல்லாதீங்க. எங்க லைன்ல ராஜாமணி ரிட்டயராக இன்னும் ரெண்டு வருசம்தான் இருக்குது. நான் போறனுங்க, எனக்கு ஒண்ணுமில்ல. பையன் பாத்துக்குவான். நீங்க கையெழுத்தப் போட்டு வுடுங்க." பஸ் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவருக்கு ஒன்றுமில்லை என்பது பொய் என்று சுகந்திக்குத் தெரியும். முறையீட்டில் குடும்ப விவரம் இருந்தது. பையன் வேலை தேடிக்கொண்டிருந்தான், குணமானியில் அவனுக்கு வந்த மார்க் நாற்பத்து நான்கு.

வாரியத்தின் தலைவர் அமலோற்பவம், ஓய்வுபெற்ற நீதிபதி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் சுகந்தியின் முறை வந்தது. கூண்டு எதுவும் இல்லை, ஒரு மேசையும் ஒலிவாங்கியும்தான். பக்கத்து வரிசையில் நிரஞ்சன் உட்கார்ந்திருந்தான். சுகந்தி ஒரு ஏற்பாட்டோடுதான் வந்திருந்தார். அளவுகோல் தவறு என்று சொல்ல வேண்டும். யார் பெயரையும் சொல்லக் கூடாது. அதற்கு மேல் அவர் யோசித்திருக்கவில்லை.

"இந்த அளவுகோல் சரியானதா?" என்று கேட்டார் தலைவர்.

"சரியில்லைங்க."

அறையில் சலசலப்பு எழுந்து அடங்கியது. நிரஞ்சன் கண்ணை மூடிக்கொண்டான்.

"காரணம்?"

"நாற்பத்து மூணு பேரோட குணம்னு நான் எழுதினது நாற்பத்து மூணு பேரோடது இல்லை. எல்லாப் படிவத்தையும் எழுதினது ஒரே ஆள். ஒரே ஆளைப் பிரதியெடுத்து அதை வச்சு லட்சக்கணக்கான பேரை அளந்துக்கிட்டிருக்கோம்."

"யார் அந்த ஆள்?"

"அதை நான் சொல்ல முடியாதுங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "பேராசிரியர், இது பதினோரு லட்சம் பேர் விவகாரம். நீங்கள் சொல்லாவிட்டால் கையெழுத்துப் போட்ட நாற்பத்து மூன்று பேரையும் வரவழைத்து ஒவ்வொருவராக விசாரிப்போம். எங்களுக்கு வேறு வழி இல்லை."

சுகந்தி வாழ்நாளில் எழுதி வைத்துப் படிக்காமல் ஒரு மேடையில் பேசியதில்லை. ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான்தான் எழுதினேன்" என்றார்.

"என்ன சொன்னீர்கள்?"

"நாற்பத்து மூணையும் நான்தாங்க எழுதினேன். அவங்ககிட்ட வெத்துப் படிவத்துல கையெழுத்து மட்டும் வாங்கினேன். என்ன ஏதுன்னு அவங்களுக்குத் தெரியாது. ஆய்வைச் சீக்கிரம் முடிக்கணும்னு நானே உட்கார்ந்து நிரப்பினேன்."

"படிவங்களை நாங்கள் பார்த்தோம். பேனா வேறு வேறாக இருக்கிறது, குறி போட்ட விதமும் வேறு வேறு."

"ஆறு பேனாங்க. மாத்தி மாத்திப் போட்டேன். நடுவில கொஞ்சம் இடது கையால போட்டேன். படிவங்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தீங்கன்னா தெரியும்."

பார்த்தார்கள். தெரிந்தது. தலைவர் கடைசியாக ஒன்று கேட்டார். கேள்வியில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

"யாருடைய குணத்தை எழுதினீர்கள்?"

"என்னோடதுதாங்க. வேற யாரை எனக்கு அவ்வளவு நல்லாத் தெரியும்?"

வாயில் வந்ததைச் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

குணமானியை நிறுத்தி வைத்து வாரியம் ஆணை போட்டது. அடிப்படையே பொய் என்றான பிறகு கட்டடத்தை யார் காப்பாற்றுவது? இருநூற்றுப் பன்னிரண்டு முறையீடுகளும் ஏற்கப்பட்டன. திருப்பூர் லைனில் எட்டுப் பேரும் அதே மிஷின்களில் உட்கார்ந்தார்கள். நாற்பத்து மூன்று பேரை யாரும் கூப்பிடவில்லை. பல்கலைக்கழகம் சுகந்தியை நீக்கியது. முனைவர் பட்டத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டது. தொழில் தர்மத்தைப் பற்றி வகுப்பெடுத்தவர் செய்த தில்லுமுல்லு என்று செய்திகளில் நான்கு நாள் கிழித்தார்கள். பழைய மாணவர்கள் சிலர் பேசுவதை நிறுத்தினார்கள். நிரஞ்சன் மட்டும் ஒரு வரி அனுப்பியிருந்தான். நீங்கள் அப்படிச் செய்திருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும் மேடம், அதை வெளியே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்று. சுகந்தி அதற்குப் பதில் எழுதவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. காலையில் எழுந்தால் போவதற்கு இடமில்லை என்பது ஐம்பத்தொரு வயதில் சின்ன விஷயமில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில், சாந்தாமணி வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல புடவை கட்டியிருந்தார், முகம் மட்டும் கடுகடுவென்று இருந்தது. உட்காரக்கூட இல்லை.

"ஏனுங்க, நான் எழுதுனத நீங்க எழுதுனேன்னு எப்பிடிங்க சொல்லலாம்? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேண்டாமா?"

"கேட்டிருந்தா விட்டிருக்க மாட்டீங்களே."

"படிச்ச படிப்பப் புடுங்கீட்டாங்களாமா?"

"ஆமாங்க."

"திருப்பித் தர மாட்டாங்களா?"

"மாட்டாங்க. நீங்க முதல்ல உட்காருங்க."

சாந்தாமணி உட்கார்ந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தனை பேருக்கும் வேலை நிலைத்துவிட்டது, நிறைமாதமாக இருந்த பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, லைனில் எல்லோரும் அவரைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள் என்று வரிசையாகச் சொன்னார். சுகந்தி காப்பி கலந்து கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். பட்டத்தைப் பிடுங்கினாலும் கேள்வி கேட்கிற புத்தி போகவில்லை.

"ஒண்ணு கேக்கணும் சாந்தாமணி. நாற்பத்து மூணு பேருக்கும் ஒரே மாதிரி எழுதினீங்க. ஆனா அதுல இருந்தது நீங்க இல்லை. நீங்க எப்படிப்பட்டவங்கன்னு நானே பார்த்துட்டேன். அப்படி அடக்கமா, சொன்ன பேச்சுக் கேட்டு, இருந்த இடத்துல இருக்கிற ஆள் உங்க லைன்ல யாருமே இல்லை. யாரை நினைச்சு எழுதினீங்க?"

சாந்தாமணி சற்றுத் தயங்கினார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"மொதல்ல ஒவ்வொருத்தியா நெனச்சுத்தானுங்க எழுதப் பாத்தேன். எதுத்துப் பேசுவியான்னு ஒரு கேள்வி. ராஜாமணி நல்லாப் பேசுவா. அப்பிடி எழுதுனா அவளுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயம். சரி, கம்பெனிக்காரனுக்குப் புடிச்சாப்ல எப்பிடி எழுதறதுன்னு தலயத் தூக்கிப் பாத்தேன். எம்பட மிஷினு மேனேஜரு ரூமுக் கண்ணாடிக்கு நேராங்க. உள்ள நீங்க உக்காந்திருந்தீங்க."

சுகந்தி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த ஆளு வெளிய போறப்பக் காத்தாடிய அணைச்சுட்டுப் போயிட்டாரு. சித்திரை மாசங்க. உங்களுக்கு வேர்த்து ஊத்துது, ஜாக்கெட்டெல்லாம் நனஞ்சு போச்சு. சுவிட்சு உங்க தலைக்கு மேலயேதான் இருந்துச்சு. நீங்க எந்திரிச்சுப் போடவே இல்ல. வெளிய எங்களத் திரும்பிக்கூடப் பாக்கல. உக்காரச் சொன்ன எடத்துல, அவரு வர்ற கதவயே பாத்துட்டுச் சாயந்தரம் வரைக்கும் அப்பிடியே உக்காந்திருந்தீங்க. கம்பெனிக்காரனுக்குப் புடிச்ச ஆளு இப்பிடித்தான் இருக்கும்னு நூத்தி இருவது கேள்விக்கும் உங்களயப் பாத்துப் பாத்துத்தானுங்க டிக் அடிச்சேன். கோவிச்சுக்காதீங்க."

பதினோரு லட்சம் பேர். ஒரு கண்ணாடி அறைக்குள் பயந்து உட்கார்ந்திருந்த இருபத்தைந்து வயதுப் பெண்ணைப் போல இருக்கிறார்களா என்று ஒவ்வொருவராக அளந்து, இல்லாதவர்களை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். வாரியத்தில் சொன்ன ஒரே ஒரு பொய்யில் பாதி உண்மையாகிவிட்டது. சுகந்திக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் வழிந்தது, அதை அவர் துடைக்கவில்லை.

"ஏன் நான் எழுந்து போடலை?" என்றார்.

"யாருக்குங்க தெரியும்?" என்றார் சாந்தாமணி. "எந்திரிச்சு வந்து நானாச்சும் போட்டிருக்கோணும். நாப்பத்தி மூணு பேருது எழுதோணுமேன்னு இருந்துட்டேன்."